கடலில் போட்டவள் வீடு

செவ்வாய்க்கிழமை காலை, கடல் ஏறிக் கால்வாய்க்குள் தண்ணீர் பின்னோக்கி வருகிற நேரத்தில், செம்பாக்கா அடுக்குமாடிக்குப் பின்பக்கம், பிளாஸ்டிக் பாட்டில்களையும் தேங்காய் மட்டைகளையும் ஒற்றைச் செருப்பையும் விலக்கிக்கொண்டு அந்தக் குழந்தை மிதந்து வந்து, குப்பைத்தொட்டிக்கு எதிரே இருக்கும் மூன்றாவது படியில் முட்டி நின்றது. உடம்பைப் பார்த்தால் நாற்பது நாள் பிள்ளை. வயதைக் கணக்குப் போட்டால் தொண்ணூற்று மூன்று.

முதலில் பார்த்தவள் தவமலர். பள்ளிக்கூடக் கேன்டீனில் சமையல் வேலை செய்கிறவள், ஐம்பத்திரண்டு வயது, ஐந்தாம் மாடியிலிருந்து குப்பைப் பையோடு இறங்கி வந்தவள், பையைப் படியிலேயே வைத்துவிட்டு முழங்கால் தண்ணீரில் நின்று குழந்தையை வாங்கினாள். சுற்றியிருந்த துணியின் முடிச்சுகளை அவிழ்த்தாள். இடது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். சேலைக் கரையிலிருந்து உருவிய நீல நூலில் ஏழு துண்டு வசம்பு கோத்துக் கட்டியிருந்தது. அந்த ஏழு துண்டைப் பற்றி அவள் அப்பா சொல்லிச் சொல்லிச் செத்திருந்தார்.

"அத்தை, வந்துட்டீங்களா," என்றாள் தவமலர். குழந்தை கொட்டாவி விட்டது.

குழந்தை எப்படி வந்தது என்று செம்பாக்காவில் யாரும் கேட்கவில்லை. கடலில் போட்டது கடலிலிருந்து வருகிறது, இதில் கேட்க என்ன இருக்கிறது? அங்கே இருக்கிற நூற்றிருபது வீடுகளும் பழைய பத்தாங்கட்டைத் தோட்டத்து வீடுகள். தோட்டத்தை விற்று, எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்களை வெட்டி, ஆட்களை அள்ளி இந்த அடுக்குமாடியில் போட்டார்கள். கூடவே மாரியம்மனையும் கொண்டுவந்து கார் நிறுத்துகிற இடத்தின் மூலையில் வைத்தார்கள். அத்தனை பேருடைய முன்னோர்களும் ஒரே கப்பலில், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு, அருணகிரிக் கங்காணி என்கிற ஒரே மனிதர் திரட்டிக் கொண்டுவந்த நாற்பத்தாறு பேர்.

கப்பல் கதை இல்லாத வீடு அங்கே கிடையாது. ஒரு வீட்டில் கப்பல் திருவாரூர் அளவு பெரியதாக இருக்கும், இன்னொரு வீட்டில் கால் நீட்ட இடமில்லாமல் ஏழு நாளும் குந்தியே வந்திருப்பார்கள். ஒருத்தரின் பாட்டனார் வெள்ளைக்கார மாலுமிக்குப் பறை அடிக்கக் கற்றுக்கொடுத்திருப்பார். இன்னொருத்தரின் பூட்டி கப்பல் சோற்றைத் தொடாமல் ஏழு நாளும் தான் கொண்டுவந்த அவலைத் தின்றே கரை சேர்ந்திருப்பாள். சொல்லிவிட்டுப் போகட்டும், அந்தப் பொய்களால் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனால் ஒரே ஒரு கதை மட்டும் நூற்றிருபது வீட்டிலும் ஓர் எழுத்து மாறாமல் சொல்லப்பட்டது, ஏனென்றால் அது கங்காணி வீட்டிலிருந்து வந்த கதை.

அந்தக் கதை இது. ஐந்தாம் நாள் விடியற்காலை புயல் அடித்ததாம். கப்பல் மூழ்கப் போனதாம். அருணகிரிக் கங்காணி கப்பலின் முன்பக்கம் போய் நின்று, மாரியாத்தா என் சனத்தைக் காப்பாற்று என்று கும்பிட்டு, கரையில் மூன்று பச்சைக் கோடு ஓடுகிற தன் சிவப்புத் தலைப்பாகையை அவிழ்த்துக் கடலுக்குக் காணிக்கையாகப் போட்டாராம், கடல் அடங்கியதாம். அதே விடியற்காலையில்தான், கைப்பிள்ளையோடு கப்பலேறியிருந்த அங்கம்மா என்பவள் கடல் மயக்கத்தில் புத்தி பேதலித்துப் பெற்ற பிள்ளையைத் தன் கையாலேயே தண்ணீரில் போட்டாளாம். ஒரே காலையில் ஒருவர் தலைப்பாகையைக் கொடுத்தார், ஒருத்தி பிள்ளையைப் போட்டாள். கதை கேட்பவர்கள் முதலாவதற்குக் கையெடுத்துக் கும்பிட்டு, இரண்டாவதற்கு உச்சுக் கொட்டுவார்கள்.

அன்றிலிருந்து கங்காணி வீட்டு ஆண்கள் தலையில் துணி கட்டுவதில்லை. அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் பெண் வீட்டார் சிவப்பில் மூன்று பச்சைக் கோடு போட்ட தலைப்பாகை ஒன்றைத் தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும்; மாப்பிள்ளை அதைக் கட்டிக்கொள்ளாமல் ஒரு குடம் தண்ணீரில் போடுவார்; சபை கைதட்டும். கோடு இரண்டாக இருந்ததற்காக ஒரு கல்யாணத்தில் தாலி கட்ட ஒரு மணி நேரம் தாமதமாகி, ஆள் அனுப்பி வேறு துணி வாங்கிவந்தார்கள். அந்த மூன்று கோட்டைத் தெரியாத பிள்ளை செம்பாக்காவில் இல்லை.

அங்கம்மா தவமலருடைய அப்பாவைப் பெற்றவள். அவள் புருஷன் முந்தின வருஷமே கப்பலேறி வந்திருந்தான். நாகப்பட்டினத்தில் கப்பலுக்குக் காத்திருந்த கொட்டடியில் அவளுக்குப் பெண் பிறந்தது. முப்பத்தைந்து நாள் பிள்ளையோடு கப்பலேறினாள். பிள்ளை முகம் பார்க்கத் துறைமுகத்தில் காத்து நின்றவன் முன்னால் வெறுங்கையோடு இறங்கினாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் கங்காணி அவன் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போய்க் கதையைச் சொல்லி முடித்திருந்தார். மூன்று வருஷம் அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நாலாவது வருஷம்தான் தவமலரின் அப்பா பிறந்தார்.

பிள்ளை கையில் கட்டிய வசம்பைப் பற்றி மகனிடம் சொன்னதோடு சரி, அந்த விடியற்காலையைப் பற்றி அங்கம்மா கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் கேட்பதற்கு ஆளில்லை என்பதைப் பினாங்குத் துறைமுகத்திலேயே தெரிந்துகொண்டவள் அவள். ஒன்று மட்டும் செய்தாள்: சாகிறவரை கடல் மீன் தொடவில்லை, தன் அடுப்பில் அதை யாரையும் சமைக்கவும் விடவில்லை. ஏன் என்று கேட்டால், எம்புள்ள அங்கன இருக்கு என்பாளாம். பார்த்தீர்களா, அவளே ஒத்துக்கொண்டாள் என்று தோட்டம் சொல்லிக்கொண்டது. பெற்றவளின் துக்கத்தை எடுத்து அவளுக்கு எதிரான சாட்சியாக வைத்துக்கொண்ட சனம் அது, வேறு என்ன சொல்ல?

அந்த வீட்டுக்குப் பெயர் 'கடல்ல போட்டவ வீடு' என்றானது. தோட்டம் போயும் பெயர் போகவில்லை; அடுக்குமாடிக்கும் கூடவே படியேறி வந்தது. பிள்ளை பிறந்த வீட்டில் தொட்டில் போடும்போது கடல்ல போட்டவ வீட்டுப் பெண்கள் கையில் பிள்ளையைக் கொடுக்க மாட்டார்கள். தவமலரின் அம்மாவுக்குத் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்க்கிற வேலை கிடைக்கவில்லை. தவமலருக்கு இருபத்தேழு வயதில் ஏழாம் மாதம் கலைந்தது. ஆறுதல் சொல்ல வந்தவர்களில் ஒருத்தி, தலையைத் தடவிக்கொடுத்தபடி, கடல் தன் பங்கைக் கேக்கும்ல தாயி என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அந்த அன்பை நினைத்தால் இருபத்தைந்து வருஷம் கழித்தும் தவமலருக்குப் பற்றி எரியும். அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை.

இப்போது அந்தப் பிள்ளை வந்துவிட்டது. அது வந்த செய்தி ஐந்தாம் மாடிவரை ஏற அரை மணி நேரம் பிடித்தது, லிஃப்ட் ஓடி இரண்டு வருஷம் ஆகிறது. பத்து மணிக்கெல்லாம் வாசலில் செருப்பு குவிந்துவிட்டது. அன்று செம்பாக்காவுக்கு இருந்த சந்தேகம் ஒன்றே ஒன்றுதான்: எப்படிக் கூப்பிடுவது? ஒரே கப்பலில் வந்தவர்கள் எல்லாரும் உறவு என்பதால், அத்தை என்று தீர்மானமாயிற்று. வயதில் மூத்தவர் என்பதால் மரியாதை விடாமல் பேச வேண்டும் என்பதும் தீர்மானமாயிற்று. அத்தை பால் குடிச்சாங்களா, அத்தை முழிச்சிட்டாங்களா, அத்தை ஒண்ணுக்குப் போயிட்டாங்க பாரு துணி மாத்து என்று நூற்றிருபது வீடும் இரண்டே நாளில் பேசிப் பழகிவிட்டது.

நேற்றுவரை தாங்களே மூத்தவர்கள் என்று இருந்த எண்பது வயதுக்காரர்கள் கம்பை ஊன்றி மாடியேறி வந்து, கட்டைவிரல் நீளமே இருந்த கால்களில் விழுந்து கும்பிட்டார்கள்; எழுப்பிவிடத்தான் இரண்டு பேர் வேண்டியிருந்தது. அத்தையின் மூடிய கைக்குள் விபூதியை வைத்து அந்தக் கையைப் பிடித்துத் தங்கள் நெற்றியில் தேய்த்துக்கொண்டார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் பேனாவைக் கொண்டுவந்தார்கள். நாலு நம்பர் லாட்டரி எடுக்கிறவர்கள் அத்தை எத்தனை தடவை தும்முகிறார் என்று எண்ணினார்கள். கோயில் விளக்கை ஊரில் மூத்தவர் ஏற்ற வேண்டும் என்பது விதி, ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் தவமலர் அத்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். தீக்குச்சியை அவள் பிடிக்க, அவள் முழங்கையை அத்தை பிடித்துக்கொண்டிருப்பார்.

கிளினிக்கில் நர்ஸ் வேலை பார்க்கிற மிஸ்ஸி ரொஸ்னா, குழந்தைகளுக்கான புத்தகத்தில் வயது எழுதுகிற இடத்தில் நாற்பது நாள் என்று எழுதி, விவரம் கேட்டதும் அடித்து, தொண்ணூற்று மூன்று என்று எழுதினாள். பிறகு இரண்டையும் வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குப் போடுகிற ஊசியை ஒரு தொடையிலும் முதியவர்களுக்குப் போடுகிற சளிக்காய்ச்சல் ஊசியை மறு தொடையிலும் போட்டாள். போடுவதற்கு முன் மலாய் மொழியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். எடை மூன்று கிலோ எண்ணூறு. அடுத்த வாரமும் மூன்று கிலோ எண்ணூறு. ஒரு நாளைக்கு ஆறு பாட்டில் பால் குடிக்கிற பிள்ளை ஒரு கிராம் ஏறவில்லை. குடிக்கிற பால் எங்கே போகிறது என்று மிஸ்ஸி கேட்டாள். தவமலருக்குத் தெரியவில்லை.

அடையாள அட்டைக்கு எழுதிக் கொடுக்கப் போன அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் வயதைக் கண்டு திகைக்கவில்லை. இந்த நாட்டிலேயே பிறந்து, இந்த நாட்டு ரப்பரைச் சீவி, எழுபது வயதாகியும் கையில் ஒரு தாள் இல்லாத எத்தனையோ பேரை அவர் தினமும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். குழந்தையைப் பெற்றவள் நேரில் வர வேண்டும் என்றார். பெற்றவள் செத்து நாற்பது வருஷம் என்றதும், அப்படியானால் இந்தப் பிள்ளை செத்ததற்குச் சான்றிதழ் கொடுங்கள், அதை ரத்து செய்து பார்க்கலாம் என்றார். கப்பல் பட்டியலின் நகல் ஒன்றைத் தேடிப் பார்த்தார்கள். அதில் அங்கம்மா இருந்தாள், பிள்ளை இல்லை. பால் குடிக்கிற பிள்ளைகளை ஆளாக எழுதவில்லையாம். ஆக, அது பிறக்கவும் இல்லை, சாகவும் இல்லை. இல்லாத பிள்ளையை அங்கம்மா எப்படிக் கடலில் போட்டாள், இல்லாத கொலைக்கு எங்கள் வீட்டுக்கு எதற்குப் பெயர் வைத்தீர்கள் என்று பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் தவமலர் மனசுக்குள் கத்திக்கொண்டு வந்தாள்.

இவ்வளவையும் பேசிய செம்பாக்கா, ஒன்றை மட்டும் பேசவில்லை. அது அத்தை சுற்றிக்கொண்டு வந்த துணி.

எட்டு முழத் துணி. சிவப்பு. கரையில் மூன்று பச்சைக் கோடு. தவமலர் அதை அலசி ஐந்தாம் மாடி நடைபாதைக் கம்பியில் கார் நிறுத்துமிடத்தைப் பார்க்க விரித்துப் போட்டாள். கொளுத்துகிற வெயிலிலும் அது காயவில்லை. ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் ஆகியும் சொட்டிக்கொண்டே இருந்தது. நாலாம் மாடிக்காரர்கள் துணி காயப்போடும் இடத்தை மாற்றிக்கொண்டார்கள். மூன்றாம் மாடியில் கீழே வாளி வைத்தார்கள். கீழே நடக்கிறவர்கள் அந்தப் பக்கம் வந்ததும் தங்கள் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தார்கள். உப்புத் தண்ணீர் சொட்டி ஒரு வெள்ளைக் காரின் கூரை துருப்பிடித்தபோது அதன் சொந்தக்காரர் காரை விற்றாரே தவிர, மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை.

தவமலருக்கு எல்லாம் அன்றைக்குப் படியிலேயே விளங்கிவிட்டது. அவள் அவிழ்த்தது பெற்றவள் பிள்ளைக்குப் போடுகிற முடிச்சல்ல. காலடியில் ஒன்று, கழுத்தடியில் ஒன்று, மூட்டைக்குப் போடுகிற முடிச்சு. துணியின் ஒரு முனை பிள்ளையின் வாய்க்குள் இருந்தது. வயிற்றில் அம்மை போட்டு ஆறிய தழும்பு ஐந்து இருந்ததை மிஸ்ஸியும் பார்த்தாள். அம்மை கண்ட கப்பலைத் துறைமுகத்துக்குள் விடாமல், ஆட்களை மாதக்கணக்கில் தீவில் அடைத்துவைப்பார்கள் என்பது செம்பாக்காவில் எல்லா வீட்டுக் கதையிலும் வருகிற சங்கதி. தோட்டத்துத் துரைக்கு நாள் குறித்து ஆள் தருவதாக வாக்குக் கொடுத்திருந்த கங்காணி, பினாங்கு டாக்டர் கண்ணில் படுவதற்குள் அந்த ஐந்து கொப்புளத்தையும் இல்லாமல் செய்தார், அசந்து தூங்கிய பெற்றவளின் பக்கத்திலிருந்து பிள்ளையை எடுத்து. ஒவ்வொரு வீடும் தன் அடுப்படியில் நின்று இதைக் கூட்டிப் பார்த்தது. கூட்டிப் பார்த்துவிட்டுச் சட்டியை மூடிவைத்தது.

மூன்றாம் மாதம் ஒரு சாயங்காலம் தனபாலன் வந்தார். கங்காணியின் பேரன், எழுபத்திரண்டு வயது, கோயில் தலைவர். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. தோட்டத்தை விற்றபோது ஆட்களுக்கு வீடு கேட்டு வெயிலில் நின்றவர் அவர், தவமலரின் அப்பா செத்தபோது பாடை தூக்கியவர். பழத் தட்டை வைத்துவிட்டு அத்தையின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"அத்த சாதாரணப் புள்ள இல்லம்மா," என்றார். "இத்தன வருசம் கடலுக்குள்ள இருந்து வந்திருக்காங்க. அது தெய்வம். தெய்வத்த வீட்டுல வச்சு பாட்டில்ல பால் குடுத்துக்கிட்டு இருக்கக் கூடாது. கப்பல்ல வந்தவங்க பேரு வெட்டின கல்லு கோயில்ல தொறக்கப் போறோம்ல, அது பக்கத்துலயே கடல்நாச்சியம்மன்னு ஒரு சன்னதி கட்டிடறேன். என் செலவு."

"தெய்வத்துக்கு ஊசி போட்டாச்சு," என்றாள் தவமலர். "அடுத்த ஊசி பதினாலாந்தேதி. வெளிய ஒரு துணி தொங்குது, வரும்போது பாத்தீங்களா?"

"பாக்கலம்மா," என்றார் தனபாலன். அவர் சட்டைத் தோளில் இரண்டு சொட்டு ஈரம் இருந்தது.

நம் ஆட்களுக்கு இது கைவந்த கலை. பெண்ணைக் கிணற்றில் தள்ளுவார்கள், தள்ளிய கையோடு கிணற்றடியில் ஒரு கல்லை நட்டுப் பொங்கல் வைப்பார்கள், தங்கள் பிள்ளைகளுக்கு அவள் பெயரையே வைத்துக் குலதெய்வம் என்று பெருமை பேசுவார்கள். வரம் கொடு என்று தெய்வத்திடம் கேட்கலாம், உன்னை யார் கொன்றது என்று கேட்கக் கூடாது. சன்னதி என்றதும் செம்பாக்காவே துள்ளி எழுந்தது. மூன்று மாதமாகச் செருப்பைப் பார்த்து நடந்த அத்தனை பேருக்கும் நிமிர்ந்து நடக்க ஒரு வழி கிடைத்துவிட்டது. ஒருவர் டைல்ஸ் தருவதாகச் சொன்னார், ஒருவர் மணி. அத்தைக்கு வெள்ளிக் கண் செய்யக் கொடுத்துவிட்டதாக ஒருத்தி தவமலரிடமே வந்து சொன்னாள். அவங்களுக்குத்தான் கண்ணு இருக்கே, உங்களுக்குச் செஞ்சு வச்சுக்குங்க என்றாள் தவமலர்.

அவள் கேட்டது சன்னதி அல்ல. தை மாதம் இரண்டாம் ஞாயிறு திறப்பதாக இருந்த அந்தக் கல்லில் ஒரு வரி. கருங்கல்லில் கப்பலில் வந்த நாற்பத்தாறு பேரின் பெயரும் வெட்டியாகிவிட்டது. உச்சியில் கங்காணியின் தலைப்பாகை, மூன்று கோட்டோடு. முப்பத்தோராவது பெயர் அங்கம்மா. அதன் பக்கத்தில் 'குழந்தையைக் கடலுக்குக் கொடுத்தவர்' என்று இருந்தது. 'போட்டவர்' என்று போடாமல் நாகரிகமாக எழுதியிருப்பதாகக் கோயில் கமிட்டி நினைத்தது. பொய்யைக் கல்லில் வெட்டினால் பிறகு யார் அழிப்பது? இன்னும் நூறு வருஷத்துக்கு, இனி பிறக்கப்போகிற எவளெவளோ வந்து நின்று அந்தப் பெயரை வாசித்து உச்சுக் கொட்டுவாள். அதை எடுங்கள், நடந்ததை எழுதுங்கள் என்று தவமலர் கமிட்டிக்கு மூன்று தடவை எழுதிக் கொடுத்தாள். பரிசீலிப்பதாக மூன்று தடவையும் பதில் வந்தது.

புருஷன் நடேசன் லாரி ஓட்டுகிறவன், சண்டை பிடிக்காதவன். புள்ள வந்திருச்சே, அது போதாதா, நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா தூக்க நாலு பேர் வேணாமா என்றான். அவள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள், எங்க அப்பாயி செத்தப்பவும் நாலு பேர் தூக்கினாங்க, தூக்கிக்கிட்டுப் போறப்ப என்ன பேசினாங்கன்னு எங்கப்பா காதுல விழுந்துச்சு என்றாள்.

தை மாதம் இரண்டாம் ஞாயிறு வந்தது. பந்தல் போட்டு, வாழை கட்டி, சாம்பாரும் மூன்று காய் கூட்டும் அண்டாவில் தயாராகி, ஒலிபெருக்கியை ஐந்து மாடிக்கும் கேட்கிறாற்போல் கட்டியிருந்தார்கள். மூத்தவருக்கான நாற்காலியில் தவமலர் அத்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கமிட்டியின் விதிப்படி, கோயில் காரியம் செய்தவருக்கு ஊரின் மூத்தவர் கையால்தான் பரிவட்டம் தர வேண்டும். கங்காணி வீட்டார் அதைத் தலையில் கட்டிக்கொள்ளாமல் கையில் வாங்கிக் குடத்துத் தண்ணீரில் போடுவார்கள், குடமும் தயாராக இருந்தது. தனபாலன் கல்லின் திரையை விலக்கி, கப்பல் கதையைப் புயலிலிருந்து தலைப்பாகை வரைக்கும் சொல்லி முடித்து, மைக்கைக் கையில் பிடித்தபடியே பரிவட்டம் வாங்க மூத்தவர் முன்னால் வந்து குனிந்தார். பூசாரி தட்டை நீட்டினார்.

தவமலர் தட்டிலிருந்த புதுப் பட்டுத் துணியை எடுத்துப் பூசாரியின் தோளில் போட்டாள். காலடியில் இருந்த வாளியிலிருந்து அந்தத் துணியை எடுத்துத் தட்டில் வைத்தாள். தட்டு நிரம்பி வழிந்தது.

"கரையப் பாருங்க," என்றாள். "இது உங்க வீட்டுத் துணி இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் அத்தையத் தூக்கிக்கிட்டுப் போயிடறேன்."

தனபாலன் பார்த்தார். இல்லை என்று சொல்லலாம். சொன்னால், தொண்ணூற்று மூன்று வருஷம் அவர்கள் வீட்டு மாப்பிள்ளைகள் எல்லாம் குடத்தில் போட்டது எந்தத் துணி? அவர் கல்யாணத்தில் அவரே கோட்டை எண்ணிப் பார்த்துப் போட்டது எதை? முதுகுக்குப் பின்னால் கல்லில் மூன்று கோடு அழுத்தமாக வெட்டியிருந்தது. இவ்வளவு பத்திரமாக அந்தக் கோட்டை வேறு யாரும் காப்பாற்றியிருக்க முடியாது. சாட்சியைத் தங்கள் வீட்டிலேயே வைத்து, கல்யாணத்துக்குக் கல்யாணம் சபைக்குக் காட்டி, கைதட்டலும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"எங்களுதுதான்," என்றார்.

"வெறுந்துணியப் போட்டாரா உங்க தாத்தா? புள்ளைய வச்சுக் கட்டிப் போட்டாரா?"

பந்தலில் விசிறிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். சமையல்காரர் கரண்டியோடு நின்றார். அத்தை தன் கையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தார். தனபாலன் அந்தக் கையிலிருந்த ஏழு துண்டு வசம்பைப் பார்த்தபடி நின்றார்.

"வச்சுக் கட்டி," என்றார். மைக் கையில் இருந்தது. அந்தச் சொல் ஐந்து மாடிக்கும் ஏறியது.

"உசுரோட. அதையும் சொல்லுங்க."

"உசுரோட," என்றார் தனபாலன்.

பிறகு அவரே தலையைக் குனிந்து கொடுத்தார். தவமலர் ஒரு கையால் அத்தையின் பிஞ்சுக் கையைப் பிடித்து மறு கையால் அந்தத் துணியை அவர் தலையில் சுற்றினாள். கப்பலில் அந்த விடியற்காலைக்குப் பிறகு கங்காணி வீட்டு ஆண் தலையில் ஏறிய முதல் தலைப்பாகை. அதிலிருந்து உப்புத் தண்ணீர் அவர் நெற்றியில், கண்ணில், வாயோரத்தில், வெள்ளைச் சட்டையில் இறங்கி ஓடியது. அவர் துடைக்கவில்லை. அவரும் அழுதிருக்கலாம். அந்தத் தண்ணீரில் எது எது என்று பிரித்துப் பார்க்கிற அக்கறை தவமலருக்கு இல்லை.

இடி ஒன்றும் விழவில்லை. மூன்றே நிமிஷத்தில் யாரோ இலை போடலாமா என்று கேட்டார்கள். மறுநாள் கல்தச்சர் வந்து முப்பத்தோராவது பெயருக்குப் பக்கத்திலிருந்த வரியைச் செதுக்கி எடுத்தார். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று கமிட்டி இன்னும் கூடிப் பேசிக்கொண்டிருக்கிறது. ஒரே வாரத்துக்குள் நூற்றிருபது வீடும், தங்களுக்கு இது ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்று சொல்ல ஆரம்பித்தது. எங்க பாட்டி அப்பவே சொல்லும் என்றார்கள். தெரிந்தவர்கள் எல்லாம் தொண்ணூற்று மூன்று வருஷம் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்கத் தவமலருக்கு நாக்கு துடித்தது.

அடுத்து வந்த பதினாலாந்தேதி கிளினிக்குக்குப் போனாள். மிஸ்ஸி ரொஸ்னா அத்தையைத் தராசில் படுக்கவைத்தாள். இறக்கிவிட்டு, தராசைத் தட்டிச் சரிபார்த்து, மறுபடி படுக்கவைத்தாள். நாலு கிலோ நூறு. முந்நூறு கிராம் கூடியிருந்தது. மிஸ்ஸி சிரித்துக்கொண்டே புத்தகத்தில் எழுதினாள். தவமலர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கிளினிக் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, ஏங்கி ஏங்கி அழுதாள். ஒரு பொய்யை எடுத்ததற்கே முந்நூறு கிராம் ஏறுகிற உடம்பை, அந்தப் பொய்யை வைத்தே இத்தனை காலம் வளரவிடாமல் வைத்திருந்தார்களே என்று அழுதாள்.

திரும்புகிற வழியில் பாசார் சந்தையில் இறங்கி, கெம்போங் என்கிற கடல் மீன் ஒரு கிலோ வாங்கினாள். அங்கம்மா கப்பலிலிருந்து இறங்கிய நாளிலிருந்து அந்தக் குடும்பத்து அடுப்பில் கடல் மீன் ஏறியதில்லை. கேன்டீனிலும் மீன் பக்கம் போகாத தவமலருக்கு மீன் ஆயத் தெரியவில்லை, மீன்காரரிடமே கொடுத்துச் சுத்தம் செய்து வாங்கினாள். வீட்டுக்கு வந்து அத்தையைச் சமையற்கட்டிலேயே துணி விரித்துப் படுக்கவைத்து, புளி கரைத்து, வெந்தயம் தாளித்து, பெரிய சட்டியில் குழம்பு வைத்தாள். வாசம் படியிறங்கி ஒவ்வொரு மாடியாகப் போயிற்று. செம்பாக்காவில் மீன் குழம்பு வைத்தால் அக்கம்பக்கத்துக்கு ஒரு கிண்ணம் போகும், போகாவிட்டால் கேட்டு வாங்குவார்கள். பக்கத்து வீட்டுக்காரி கிண்ணத்தோடு வந்து கதவைத் தட்டினாள். கீழ்வீட்டுக்காரி வந்தாள். இன்னும் யாரோ தட்டினார்கள்.

தவமலர் கதவைத் திறக்கவில்லை. நடேசனுக்கும் தனக்கும் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். ஒரு சொட்டைச் சுண்டுவிரலில் தொட்டு அத்தையின் உதட்டில் வைத்தாள். அத்தை முகத்தைச் சுளித்து, வாயை அகலத் திறந்து, வந்த நாளிலிருந்து முதன்முறையாக வீறிட்டு அழுதார். வெளியே தட்டுவது நின்றது.

"நல்லா அழுங்க அத்த," என்றாள் தவமலர். "எல்லாருக்கும் கேக்கட்டும்."